காவாந்தண்டலத்துச் சிங்கம்

காவாந்தண்டலம் கன்னியப்பன் வரைவது சிங்கம் என்பது கன்னியப்பன் சொன்னால்தான் தெரியும். அக்கிக் கொப்பளம் கண்டவரின் முதுகிலோ விலாவிலோ கோழி இறகால் செங்காவிக் குழம்பைத் தொட்டு அவர் எழுதி முடித்ததும், கூட வந்தவர்கள் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். நாய் என்பார் ஒருவர். கீரிப்பிள்ளை என்பார் இன்னொருவர். மாகறலிலிருந்து வந்த ஒரு பெண்மணி, தன் இடுப்பில் எழுதியிருப்பது ஆட்டுக்குட்டி என்று நம்பிக்கொண்டே குணமாகிப் போனாள்.

அவர் மனைவி பரிமளாவுக்கு இதில் ஒரு கருத்து இருந்தது. வெளியே சொன்னதில்லை. இருபத்தெட்டு வருடமாகக் காவிக்கல்லைப் பன்னீர் விட்டு இழைத்துக் கொடுப்பவள் அவள். காவியின் பதம் அவளுடையது, புகழ் அவருடையது என்பதாக அந்த வீட்டில் ஏற்பாடு.

அக்கி எழுதுவது மண்பாண்டம் செய்த குடும்பங்களின் உரிமை. கன்னியப்பன் வீட்டில் பானை வனைந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அவர் செய்வது சிமெண்ட் உறை, கக்கூஸ் தொட்டிக்கு இறக்குவது. அதில் வரும்படி நன்றாகவே இருந்தது. ஆனால் உறைக்காக யாரும் அவரைக் கும்பிட்டதில்லை. அக்கிக்குத்தான் ஊர் ஊராக வந்து வெற்றிலைத் தட்டோடு வாசலில் நிற்பார்கள். அதனால் கடப்பாரையும் ஜல்லியுமாக இருக்கும் ஆள், புதிதாக எழுதத் தொடங்கும் ஞாயிறும் செவ்வாயும் காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசி வேறொரு மனிதராகிவிடுவார்.

அவருடைய வைத்தியம் பொய்த்ததே இல்லை. அக்கி பத்து நாளில் தானாகக் காய்ந்து உதிரும். கன்னியப்பன் மூன்று நாள் எழுதுவார், அதன்பிறகு ஏழு நாள் தண்ணீர் படக்கூடாது என்பார். மூன்றும் ஏழும் பத்து. இதில் தோற்கவே முடியாது என்பதைப் பரிமளா கல்யாணமான இரண்டாம் வருடமே கண்டுபிடித்துவிட்டாள். சிலருக்குக் கொப்பளம் உதிர்ந்த பிறகும் எரிச்சல் மாதக்கணக்கில் நிற்கும். அவர்கள் திரும்பி வந்து முனகினால் கன்னியப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"கத்திரிக்கா துன்னியா?"

பத்து நாள் கத்திரிக்காய் தின்னாத ஆளை இந்தப் பக்கத்தில் எங்கே தேடுவது? தின்றவர் தலைகுனிந்து போய்விடுவார். தின்னாதவர்களுக்குக் கருவாடு இருக்கவே இருக்கிறது.

கன்னியப்பனின் வாழ்க்கையில் ஒரே முள், ஓரிக்கை வீரபத்திரன். பங்காளி முறை, நாலைந்து வயது மூத்தவர். அவரும் அக்கி எழுதுகிறார். அவருடைய சிங்கத்துக்குப் பிடரி உண்டு, வாலில் குஞ்சம் உண்டு, பார்த்த உடனே சிங்கம் என்று தெரிந்துவிடும். இதைக் கன்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. ஆனால் படத்தைக் குறை சொல்ல வழியில்லாததால் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். வீரபத்திரன் முகத்து அக்கிக்கு எழுதமாட்டார். மூக்கு நுனியில் ஒரு கொப்பளம் தெரிந்தால் போதும், தட்டை மூடிவிட்டு, அந்த ஆளைத் தன் செலவிலேயே காஞ்சிபுரத்துக் கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போய்விடுவார். கன்னியப்பன் இதை டீக்கடை டீக்கடையாகச் சொல்லிச் சிரித்தார். அவன் எழுதுகிற நேரத்தைவிட பஸ் ஏறுகிற நேரம்தான் அதிகம் என்றார். இறகைப் பிடிக்கிற கை நடுங்கக்கூடாது, அவனுக்கு நெஞ்சே நடுங்குகிறது என்றார். தான் மூக்கென்ன, இமை மேலேயே எழுதுவேன் என்றார். எழுதியும் இருக்கிறார். எழுதிக்கொண்டு போனவர்களில் இரண்டொருவர் திரும்பி வரவில்லை. குணமாகியிருப்பார்கள் என்பது அவர் முடிவு. அவர்களை உத்திரமேரூர் சந்தையில் கறுப்புக் கண்ணாடியோடு பார்த்ததைப் பரிமளா அவரிடம் சொல்லவில்லை.

மகள் தீபலட்சுமி வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நுண்ணுயிரியல் படித்தவள். போன பொங்கலுக்கு வந்தபோது அப்பாவை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். அக்கி என்பது சூடும் இல்லை, சாபமும் இல்லை, ஒரு வைரஸ். சின்ன வயதில் சின்னம்மை போட்டுப் போகிறதே, அது போவதில்லை. நரம்பு வேரில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாற்பது வருடம், ஐம்பது வருடம் தூங்கும். வயசாகி உடம்பு தளர்ந்தால் எழுந்து, படுத்திருந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வந்துவிடும். உதட்டில் வருகிற கொப்பளம், கையில் வருகிற மரு, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, அந்தக் காலத்துப் பெரியம்மை, இதெல்லாமே டி.என்.ஏ. வைரஸ் என்று ஒரு பெரிய கூட்டம், அதில் இதுவும் ஒன்று என்றாள்.

கன்னியப்பன் கண்ணை மூடிக் கேட்டார். அவருக்குத் தேவையான ஒரே சொல் அதில் கிடைத்துவிட்டது.

"டி.என்.ஏ.ன்னா பரம்பரையா வர்றதுதானேம்மா?"

அது வேறு, இது வேறு என்று மகள் விளக்குவதற்குள் அவர் எழுந்துவிட்டார். அடுத்த செவ்வாயிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இதே பேச்சு. இது டி.என்.ஏ. வியாதி, பரம்பரை வியாதிக்குப் பரம்பரைக் கைதான் கேட்கும், என் பெண் லேபில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். தீபலட்சுமி போனில் அழாத குறை. பரிமளா காவி இழைத்துக்கொண்டே, நீ ஏன் அவரிடம் இங்கிலீஷ் பேசினாய் என்று அவளைத்தான் கடிந்துகொண்டாள்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கன்னியப்பனுக்கு இடப்பக்க நெற்றி எரிந்தது. வெயிலில் உறை வார்த்ததால் என்றார். சனிக்கிழமை தலையைச் சீப்பு தொட்டாலே கத்தினார். ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொள்ள மூன்று பேர் வந்து உட்கார்ந்திருக்க, முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி முன் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். காவிக் கிண்ணத்தோடு வந்த பரிமளா பார்த்தாள். முடியில் தொடங்கி இடது புருவம் வரை, கோடு கிழித்தாற்போல நடு நெற்றியைத் தாண்டாமல், கொத்துக் கொத்தாகக் கொப்பளம்.

இருபத்தெட்டு வருடத்தில் ஆயிரம் பேருக்குப் பார்த்ததுதான். இருந்தாலும் இருவருமே அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்றார் அவர். ஆமாம் என்றாள் அவள். வந்த மூன்று பேரிடமும் அவருக்குத் தீட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எழுதுகிற கை தன் உடம்பில் எழுதக்கூடாது என்பது முறை. வேறு கைதான் வேண்டும். அப்படி ஒரு கை சுற்றுவட்டாரத்தில் ஓரிக்கையில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அக்கியோடு செத்துப்போகிறேன் என்றார் கன்னியப்பன். திங்கட்கிழமை காலை கதவைத் தாழிட்டுவிட்டு, இறகைப் பரிமளாவிடம் நீட்டினார். பொம்பளை எழுதக்கூடாது என்பதும் முறைதான். அதை ஞாபகப்படுத்தினாள். கதவு சாத்தியிருக்கிறது, முறைக்கு எப்படித் தெரியும் என்றார்.

பரிமளா எழுதினாள். முதல் தடவை. காலை மடித்து, பிடரி சிலிர்த்து, வால் புருவத்தின் மேல் வளைந்து நிற்க, சிங்கம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கன்னியப்பன் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கால் சரியா வர்ல," என்றார்.

கண்ணாடியைத் திரும்ப வாங்கும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். மூக்கு நுனியில், இடப்பக்கம், கடுகளவுக்கு ஒன்று. டீக்கடை டீக்கடையாக அவர் சொல்லிச் சிரித்த அதே இடம். பரிமளாவுக்குச் சந்தையில் பார்த்த கறுப்புக் கண்ணாடிகள் வரிசையாக ஞாபகம் வந்தன. அவருக்குத் தெரியாமல் அவரை ஒரு போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

ஒரு நிமிடத்தில் மகளிடமிருந்து போன் வந்தது. அந்த நரம்பு ஒரு கிளை மூக்கு நுனிக்கும் ஒரு கிளை கண்ணுக்கும் போவது, அங்கே வந்தால் கண்ணுக்கும் வருகிறது என்று அர்த்தம், கொப்பளம் கண்டு மூன்று நாளைக்குள் மாத்திரை தொடங்க வேண்டும், இதோடு இரண்டு நாள் போய்விட்டது, விட்டால் கண்ணே போகலாம் என்று தீபலட்சுமி மூச்சு விடாமல் சொன்னாள். பரிமளா போனை அவர் காதில் வைத்தாள். அவர் கேட்டார். வரமாட்டேன் என்றார். அக்கி எழுதுகிறவன் அக்கிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் ஊர் சிரிக்கும், அதற்கப்புறம் கக்கூஸ் உறை மட்டும்தான் மிச்சம் என்றார். சொல்லும்போதே இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பரிமளா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கண்ணைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு கண்ணு இருக்கசொல்லவே உன் சிங்கத்தை நாய்ங்கறானுங்க. ஒத்தக் கண்ணோட எழுதினா இன்னான்னுவானுங்கன்னு யோசிச்சிக்கோ."

இருபத்தெட்டு வருடமாகத் தொண்டையில் இருந்தது பாதி வெளியே வந்துவிட்டது. கன்னியப்பன் வலியை மறந்து அவளைப் பார்த்தார். யார் நாய் என்றது, பெயரைச் சொல் என்றார். வந்து சொல்கிறேன், முதலில் சட்டையைப் போடு என்றாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ். தலையோடு முகத்தையும் மூடித் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்தார். காவியைக் கழுவ விடவில்லை. மூன்று நாள் ஆகாமல் அழித்தால் குற்றம் என்றார். பாலாற்றுப் பாலம் தாண்டி ஓரிக்கையில் பஸ் நின்றபோது, துண்டின் இடுக்கால் ஒரு கண்ணால் வீரபத்திரன் வீட்டைத் தேடிப் பார்த்தார். வாசலில் 'அக்கி எழுதப்படும்' என்ற பலகை, கீழே போன் நம்பர், கதவில் பூட்டு. எழுதுகிற நாளில் பூட்டு. கன்னியப்பனுக்கு அந்த எரிச்சலிலும் கொஞ்சம் குளிர்ச்சி கிடைத்தது. அவனிடம் ஆளே வருவதில்லை பார் என்று பரிமளாவின் முழங்கையை இடித்தார்.

கண்ணாஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிற பெண் நிமிராமல் பெயரும் ஊரும் கேட்டாள். பரிமளா வாயைத் திறப்பதற்குள் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வீரபத்திரன். ஓரிக்கை."

பரிமளா திகைத்துப் போய்த் திரும்பினாள். அவர் கண்ணடிக்க முயன்றார். வலியில் உயிர் போனது. சீட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக வந்த பிறகு விவரம் சொன்னார். எப்படியும் விஷயம் ஒருநாள் வெளியே வரும். வரும்போது ஓரிக்கைக்காரனுக்கு அக்கி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினான் என்று வரட்டும். கண் போகப்போகிற நேரத்திலும் மனிதனுக்கு மூளை எப்படி வேலை செய்கிறது என்று பரிமளாவுக்கு வியப்பாகத்தான் இருந்தது. அந்த மூளையில் கொஞ்சம் கைக்கு இறங்கியிருந்தால் சிங்கமாவது தேறியிருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வாசலில் நின்று கூப்பிட்டாள். "வீரபத்திரன், ஓரிக்கை."

கன்னியப்பன் எழுந்தார். எதிர் வரிசைக் கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருவரும் எழுந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை, பக்கத்தில் மூக்கு நுனியில் கொப்பளத்தோடு பழையசீவரத்து ஆள் ஒருவர். எழுதுகிற நாளில் ஓரிக்கையில் கதவு பூட்டியிருந்ததற்குக் காரணம் பரிமளாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

வீரபத்திரன் தன் பெயரைக் கூப்பிட்ட நர்ஸைப் பார்த்தார். தான் சீட்டே போடவில்லையே என்கிற குழப்பம் முகத்தில் இருந்தது. பிறகு எழுந்து நிற்கிற துண்டு மனிதரைப் பார்த்தார். துண்டுக்கு வெளியே ஒரு விரற்கடை நெற்றி தெரிந்தது. அதில் காவி. காவியில் ஒரு வாலின் குஞ்சம். பக்கத்தில் பரிமளா. அவ்வளவு போதுமாயிருந்தது.

உங்களில் யார் வீரபத்திரன் என்று நர்ஸ் சலிப்போடு கேட்டாள். கன்னியப்பன் துண்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். பரிமளா தரையைப் பார்த்தாள். இந்த நிமிடத்தில் சீட்டைக் கிழித்துப் போட்டு மறுபடியும் வரிசையின் கடைசிக்கு அனுப்பினால், இவர் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார், கண்ணும் கூடவே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அவருதாம்மா வீரபத்திரன்," என்றார் வீரபத்திரன். "இட்டுக்கினு போ. நான் சும்மா கூட வந்தவன்."

உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே டாக்டர் சின்னப் பெண். துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன சிங்கமா என்று கேட்டாள். முப்பது வருடத் தொழிலில், யாரும் சொல்லிக் கொடுக்காமல் சிங்கத்தைச் சிங்கம் என்று சொல்லிக் கன்னியப்பன் கேட்டது அதுதான் முதல் தடவை. அது தன்னுடையது இல்லை என்பது அந்த நேரத்தில் அவரை எவ்வளவு சுட்டது என்று பரிமளா மட்டும் அறிவாள். டாக்டர் பஞ்சை நனைத்துச் சிங்கத்தைத் துடைத்தாள். பிடரி போயிற்று, வால் போயிற்று. கருவிழியில் புண் தொடங்கிவிட்டது, காவி கொஞ்சம் கண்ணுக்குள்ளேயும் இறங்கியிருக்கிறது, நாளைக்கு வந்திருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது, இன்றைக்கு வந்ததால் பெரும்பாலும் காப்பாற்றலாம் என்றாள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை, கண்ணுக்குக் களிம்பு. முதலில் வாரம் ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் இதே சீட்டோடு வரவேண்டும், சீட்டைத் தொலைக்கக்கூடாது, வீரபத்திரன் என்று பெயர் சொல்லியே அழுத்தினாள்.

மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது வீரபத்திரன் பரிமளாவின் பக்கத்தில் வந்து நின்றார். கன்னியப்பனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழையசீவரத்தில் முன்பு மூக்கு நுனியில் கொப்பளம் வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று நாள் எழுதியதாகச் சொன்னார். கல்யாணம் நிச்சயமான பெண்.

"நான் எழுதின சிங்கம் நல்லாத்தான் இருந்துச்சி தங்கச்சி. அதைப் பாக்கத்தான் அந்தப் பொண்ணுக்கு ஒரு கண்ணு கொறஞ்சி போச்சி."

பிறகு, அவன் நெற்றியில் இருந்த வாலை யார் எழுதியது என்று கேட்டார். பரிமளா காவிக் கறை படிந்த விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டு, பதம் நல்ல பதம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் ஆளிடம் போனார்.

கண் பிழைத்தது. முழுசாக அல்ல. இடது விழியில் பால் சொட்டு விழுந்தாற்போல ஒரு மங்கல் நின்றுவிட்டது. மாதம் ஒருமுறை கன்னியப்பன் காஞ்சிபுரத்துக்குப் போய், வீரபத்திரன் என்று கூப்பிட்டால் எழுந்து நின்று, வீரபத்திரனாகச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, ஓரிக்கை வழியாகக் கன்னியப்பனாகத் திரும்பி வந்தார். ஓரிக்கைக்காரர் எந்த டீக்கடையிலும் எதையும் சொல்லவில்லை. அதுதான் கன்னியப்பனுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம்.

எரிச்சலும் போகவில்லை. ஆடி மாதம் வந்தும் நெற்றியில் துண்டு உரசினால் துடித்தார். ஒருநாள் வலி தாங்காமல், கொப்பளம் போய் நாலு மாதம் ஆயிற்றே, ஏன் இன்னும் எரிகிறது என்று பரிமளாவிடம் கேட்டார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கத்திரிக்கா துன்னியா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உறை வார்க்கப் போய்விட்டார்.

ஆவணியில் மறுபடியும் எழுத உட்கார்ந்தார். பரிமளா தடுக்கவில்லை. முதுகும் விலாவும் பத்து நாளில் தானாக ஆறுகிறவைதான், அதோடு ஆறட்டும் என்று விட்டுவிட்டாள். எழுதி முடித்ததும், டாக்டரிடமும் காட்டி மாத்திரை போடு என்று வாசலில் வைத்துத் தணிந்த குரலில் சொல்லி அனுப்புவது மட்டும் அவள் புதிதாகச் சேர்த்தது. மங்கல் கண்ணோடு எழுதியும் சிங்கம் முன்னைவிட மோசமாகவில்லை. மோசமாக இடமில்லை.

அந்த மாதக் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயி வேதாசலம் வந்தார். வலப்பக்க நெற்றியில் கொத்தாக ஏறி, மூக்கு நுனியில் ஒன்று மினுமினுத்தது. முகத்து அக்கிக்கே பேர்போன கை என்று கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். காவி இழைத்துக்கொண்டிருந்த பரிமளாவின் கை நின்றது. இந்த ஆள் இப்போது இறகைத் தொட்டால் கிண்ணத்தைத் தூக்கி முற்றத்தில் கொட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

கன்னியப்பன் வேதாசலத்தின் மோவாயைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, நல்ல கண்ணால் ஒருமுறையும் மங்கல் கண்ணால் ஒருமுறையும் பார்த்தார். இறகை எடுத்துத் தட்டில் குறுக்காக வைத்தார். தட்டை மூடினார்.

"மூக்கு நுனிக்கு வந்துட்சின்னா எங்க பரம்பரையில எழுதறதில்ல. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அது கட்டுப்பாடு. நேரா கண்ணாஸ்பத்திரிக்குப் போயிடணும்."

குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. பாட்டனாரே எழுந்து வந்திருந்தால் நம்பியிருப்பார். பரிமளா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பொய்தான். இருபத்தெட்டு வருடத்தில் அவர் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் ஒரு கண்ணுக்கு உதவப்போகிறது என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டாள். புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, காஞ்சிபுரம் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே இறங்கவேண்டும், எந்தக் கதவு வழியாகப் போகவேண்டும் என்று வேதாசலத்துக்கு விவரமாகச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாசற்படி இறங்கும்போது அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது.

"அங்க போயி சீட்டுல பேர் கேப்பாங்கண்ணா. உங்க சொந்தப் பேரையே குடுங்க."

அதை வேறு சொல்லவேண்டுமா என்பதுபோல வேதாசலம் திரும்பிப் பார்த்தார். கன்னியப்பன் மட்டும் மூடிய தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.